மிச்ச மின்சாரம் எங்கே போகிறது? பழைய மோட்டார் சைக்கிள்களில் சார்ஜிங் கோளாறு

“சார்ஜ் ஏறவில்லை” என்று பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவருக்குப் பட்டறைகளில் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். பேட்டரி போய்விட்டது, காயில் போய்விட்டது, இல்லையென்றால் ரெக்டிஃபையர் போய்விட்டது. மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் அளந்து பார்க்காமல் சொன்னால் மூன்றும் ஊகமே. அந்த ஊகத்துக்கு வண்டிக்காரர் பணம் கட்டுகிறார். புதுப் பேட்டரி மாட்டுகிறார், அதுவும் இறங்குகிறது. பிறகு காயில், பிறகு ரெக்டிஃபையர். எல்லாம் மாற்றிய பின்பு, பெயின்ட் பூசிய சேசிஸின் மேல் துருவோடு உட்கார்ந்திருக்கும் ஓர் எர்த் போல்ட்தான் காரணம் என்று தெரியவரும்.

இதற்கு மெக்கானிக்கின் அவசரம் மட்டும் காரணமல்ல. ‘பழைய மோட்டார் சைக்கிள்’ என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல மின் அமைப்புகள் இருக்கின்றன. 1950களின் டைனமோ வண்டிக்குப் பொருந்தும் சோதனை 1980களின் மூன்று ஃபேஸ் வண்டிக்குப் பொருந்தாது. சில சமயம் கெடுதலும் செய்யும். அதனால் ‘கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இந்த வண்டி தன் மின்சாரத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின் உற்பத்தி தேவைக்குக் கீழே இருக்கும். குறைவைப் பேட்டரி கொடுக்கும். வேகமாக ஓடும்போது தேவைக்கு மேல் உற்பத்தியாகும். வடிவமைப்பாளர்களை அலைக்கழித்தது இந்த இரண்டாவது நிலைமைதான். மிச்சத்தைப் பேட்டரிக்குள் விட்டால் பேட்டரி கொதித்து வற்றிப்போகும். விடாமல் எங்கே அனுப்புவது? ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு ஒரு விடை சொன்னது. எந்த இடத்தில் அந்த விடையை வைத்தார்களோ, அந்த இடம்தான் அந்த வண்டியில் முதலில் களைத்துப்போகிறது. கோளாறைத் தேடுபவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

டைனமோ: மிச்சத்தைப் பிறக்கவே விடாத முறை

டைனமோவில் காந்தம் நிரந்தரமானதல்ல. ஃபீல்ட் சுருளில் மின்சாரம் ஓடினால்தான் காந்தப்புலம் உண்டாகும். அதற்குள் ஆர்மேச்சர் சுற்றும். கம்யூட்டேட்டரின் மேல் உரசும் கார்பன் பிரஷ்கள் மின்சாரத்தை வெளியே எடுக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் ஈ3எல் இந்த வகை: 6 வோல்ட், 60 வாட். மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த ஜாவா வண்டிகளிலும் கிராங்க் முனையில் 6 வோல்ட் டைனமோதான் இருந்தது.

இதில் மிச்சம் என்ற பேச்சே எழக்கூடாது. வோல்ட் ஏறியதும் ரெகுலேட்டர் பெட்டியில் உள்ள ஒரு ரிலே ஃபீல்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும், உற்பத்தியும் குறையும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு ரிலேதான் கட்-அவுட். எஞ்சின் நின்றதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்ப டைனமோவுக்குள் ஓடாமல் அது தடுக்கும். அழகான அமைப்புதான். ஆனால் முழுப் பொறுப்பும் நொடிக்குப் பலமுறை திறந்து மூடும் சின்ன பாயிண்டுகளிலும் தேயும் பிரஷ்களிலும் இருக்கிறது. கோளாறும் அங்கேதான் வரும்.

லூகாஸ் வகையில் டைனமோவையும் பெட்டியையும் பிரித்துப் பார்ப்பது எளிது. டி, எஃப் என்ற இரண்டு முனைகளையும் பெட்டியிலிருந்து கழற்றி ஒன்றாக இணைத்து, அந்த இணைப்புக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வைத்து எஞ்சினை மெல்ல ஏற்ற வேண்டும். வோல்ட் சீராக ஏறினால் டைனமோ நல்லது. குற்றம் பெட்டியிலோ ஒயரிலோ இருக்கிறது. கட்டுப்பாடே இல்லாத நிலை இது என்பதால் வேகத்தை உயர்த்தாமல் சில விநாடிகளில் முடித்துவிட வேண்டும். சில ஐரோப்பிய டைனமோக்களில் ஃபீல்டின் எர்த் பக்கம்தான் கட்டுப்படுத்தப்படும். அங்கே இணைக்கும் முறையே மாறும் என்பதால் வரைபடம் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

வருடக்கணக்கில் நின்ற வண்டியில் இன்னொன்றும் நடக்கும். ஃபீல்ட் இரும்பில் தங்கியிருந்த மிச்சக் காந்தம் மறைந்துவிடும். எல்லாப் பாகமும் சரியாக இருந்தும் டைனமோ உயிர் பெறாது. எஃப் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஒரு கணம் மின்சாரம் காட்டினால் போதும், காந்தம் திரும்ப வந்துவிடும். இது தெரியாமல் ஆர்மேச்சரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்தவர்கள் உண்டு.

சிவப்பு சார்ஜ் விளக்கைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அந்த பல்பின் ஒரு முனை பேட்டரிப் பக்கம், மறு முனை டைனமோ பக்கம். இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்ததும் அணையும். ஆகவே விளக்கு அணைந்தது என்றால் டைனமோ வேலை செய்கிறது என்றுதான் பொருள். பேட்டரி நிறைகிறது என்று பொருளல்ல. ஓடும்போது மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் கட்-அவுட் பாயிண்டிலோ இணைப்பிலோ வோல்ட் வீணாகிறது. இரவு நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால் கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்விட்சே ரெகுலேட்டர் ஆன காலம்

1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் ஆல்டர்னேட்டருக்கு மாறத் தொடங்கின. 1953இல் டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின் லூகாஸ் ஆல்டர்னேட்டரோடு வந்தது. கிராங்கின் முனையில் நிரந்தரக் காந்த ரோட்டர், அதைச் சுற்றி அசையாத ஆறு சுருள்கள் கொண்ட ஸ்டேட்டர். பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை, தேய ஒன்றுமில்லை. ஆனால் நிரந்தரக் காந்தத்தைக் குறைக்க முடியாது. எஞ்சின் ஓடும்வரை உற்பத்தியும் நடந்துகொண்டே இருக்கும்.

6 வோல்ட் காலத்தில் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது. ஹெட்லைட் ஸ்விட்சையே ரெகுலேட்டராக்கினார்கள். விளக்கு அணைந்திருக்கும்போது சில சுருள்கள் மட்டும் பேட்டரிக்கு. மீதியைத் தமக்குள்ளேயே இணைத்து அடக்கிவிடுவார்கள். ஹெட்லைட் போட்டால் ஆறும் சேரும். அதாவது செலவு கூடும்போதுதான் வரவும் கூடும்.

பலவீனம் எங்கே என்று இதிலேயே தெரிகிறது: ஸ்விட்ச். பகலில் ஒழுங்காக சார்ஜ் ஏறி, ஹெட்லைட் போட்டதும் ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால் ஸ்விட்சின் உள் இணைப்பை முதலில் சந்தேகிக்க வேண்டும். சுருள்களை அடக்கும் இணைப்பு கறுத்துப்போனால் நேரெதிராகப் பகலிலேயே பேட்டரி கொதிக்கும். இந்தச் சிந்தனை லூகாஸோடு முடியவில்லை. 1970களின் சுசுகி ஜிஎஸ் வண்டிகளில் ஸ்டேட்டரின் ஒரு ஒயர் ஹெட்லைட் ஸ்விட்ச் பக்கம் போய்ச் சுற்றி வந்தது. அந்த வழியில் உள்ள கப்ளர்கள் கருகியதால், சுற்றுவழியை நீக்கி ஒயரை நேராக இணைப்பது பின்னால் பரவலான சிகிச்சையாயிற்று.

நம் ஊருக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. 1955இல் சென்னைத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா ஆலை எழத் தொடங்கியது. புல்லட்டின் ஆல்டர்னேட்டர் இடது பக்கப் பிரைமரி செயின் உறைக்குள் ஆயிலோடு சேர்ந்தே இருக்கும். அதனால் அதன் சில நோய்கள் மின்சார நோய்களே அல்ல. ஸ்டேட்டரைப் பிடித்திருக்கும் ஸ்டட் தளர்ந்தாலோ, கிராங்க் பேரிங் ஆட்டம் கண்டாலோ ரோட்டர் ஸ்டேட்டரை உரசும். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும். லூகாஸ் வகையில் 0.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஃபீலர் கேஜை விட்டுச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒயர் உறையை விட்டு வெளியே வரும் ரப்பர் வளையமும் கவனிக்க வேண்டிய இடம்; செயின் பட்டு ஒயரின் தோல் உரிந்து, அவ்வப்போது மட்டும் எர்த் ஆகும். நின்ற இடத்தில் சரி, ஓட்டத்தில் தவறு என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜீனர்: வழியவிடும் முறை

1960களில் பிரிட்டிஷ் வண்டிகள் 12 வோல்ட்டுக்கு வந்தபோது ஜீனர் டயோடு வந்தது. ஏரி நிறைந்ததும் கலிங்கு வழியே மிச்சத் தண்ணீர் ஓடுவதுபோல, சுமார் 14 வோல்ட்டைத் தாண்டியதும் ஜீனர் திறந்து மிச்சத்தைப் பாடிக்கு அனுப்பிவிடும். அனுப்பும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகும் என்பதால் ஜீனரைக் காற்றுப் படும் அலுமினியத் தகட்டில் பொருத்தினார்கள்.

ஆக, இங்கே பலவீனம் அந்தத் தகடும் அதன் எர்த்தும்தான். தொடும் முகத்தில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் வெப்பம் இறங்காது. எர்த் கிடைக்காவிட்டால் ஜீனர் வேலையே செய்யாது. வேலை செய்யாத ஜீனரின் அடையாளங்கள்: பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். உள்ளே ஷார்ட் ஆன ஜீனர் எதிர் விளைவு தரும்: எவ்வளவு ஓட்டினாலும் பேட்டரி நிறையாது. ஜீனரின் ஒயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சார்ஜிங் வோல்ட் பார்த்தால் இரண்டும் பிரிந்து தெரியும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். இது தெரியாமல் வழக்கம்போல மைனஸைப் பாடியில் மாட்டியதால் ஜீனரும் ரெக்டிஃபையரும் ஒரே நொடியில் போன வண்டிகள் ஏராளம்.

இந்த ஆல்டர்னேட்டர்களைச் சோதிக்க லூகாஸ் வகுத்த முறை இன்றும் பின்பற்றத்தக்கது. ஸ்டேட்டர் ஒயர்களைக் கழற்றி, அவற்றுக்கு நடுவே ஒரு ஓம் அளவுள்ள பெரிய ரெசிஸ்டரை வைத்து, 3000 ஆர்பிஎம்மில் ஏசி வோல்ட் பார்க்க வேண்டும். ஆர்எம்21 மாடலுக்கு 9 வோல்ட் வரவேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் பலவீனமான ஸ்டேட்டரும் நல்ல எண் காட்டும். சுமை வைத்தால்தான் காந்தம் குறைந்த ரோட்டரும் சில சுற்றுகள் ஷார்ட் ஆன சுருளும் பிடிபடும்.

மூன்று ஃபேஸும் ஷன்ட் ரெகுலேட்டரும்

1970களின் பிற்பாதியிலிருந்து ஜப்பானிய நடுத்தர, பெரிய வண்டிகளில் பரவலான அமைப்பு இது. நிரந்தரக் காந்தம், மூன்று ஃபேஸ் ஸ்டேட்டர், ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் சேர்ந்த ஓர் அலுமினியப் பெட்டி. பட்டறையில் ஆர்ஆர் யூனிட் என்பார்கள். ஆறு டயோடுகள் ஏசியை டிசி ஆக்கும். வோல்ட் சுமார் 14.5 வந்ததும் தைரிஸ்டர்கள் ஸ்டேட்டரின் ஒயர்களையே ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிடும்.

கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் அதுதான் ஷன்ட் முறை. மிச்ச மின்சாரம் வெளியே போவதில்லை. ஸ்டேட்டருக்குள்ளேயே சுற்றி அதைச் சூடாக்குகிறது. இதிலிருந்து வரும் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். விளக்குகளை அணைத்து ஓட்டினால் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைக்கிறோம். கிடைக்காது. செலவைக் குறைத்தால் ஷார்ட் செய்யப்படும் பங்குதான் கூடும். ஸ்டேட்டர் எப்போதும் ஏறக்குறைய முழு மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. செம்புக் கம்பியின் வார்னிஷ் மெல்லக் கருகிச் சுருள்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பிக்கும். இந்த வண்டிகளில் ஸ்டேட்டர் சாவு இத்தனை சாதாரணமாக இருப்பதன் காரணம் இதுதான்.

அதற்கு முன்பே கப்ளர்கள் எச்சரிக்கை கொடுக்கும். 15 ஆம்பியர் ஓடும் ஒரு பின்னில் பத்தில் ஒரு ஓம் எதிர்ப்பு சேர்ந்தால் அங்கே மட்டும் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். வெள்ளைக் கப்ளர் பழுப்பாகி உருகுவது அதனால்தான். ஆர்ஆர் யூனிட்டைத் தேடுவதற்கு முன் கப்ளரின் நிறத்தைப் பார்ப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

ஃபீல்ட் சுருள் உள்ள ஆல்டர்னேட்டர்கள்

1969இன் ஹோண்டா சிபி750, அதே ஆண்டு வந்த பிஎம்டபிள்யூ /5 வரிசை ஆகியவை வேறு வழி எடுத்தன. காந்தத்தை மீண்டும் மின்காந்தமாக்கி, டைனமோவைப்போல ஃபீல்டைக் குறைத்துக் கூட்டினார்கள். மிச்சம் பிறப்பதில்லை, ஸ்டேட்டர் தேவையில்லாமல் சூடாவதில்லை. ஆனால் பிஎம்டபிள்யூவில் ஃபீல்ட் சுருள் ரோட்டரோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கப் பிரஷ் வேண்டும். சுற்றும் சுருள் நாளடைவில் உள்ளே அறுந்துபோகும். இரண்டு ஸ்லிப் வளையங்களுக்கு நடுவே ஓம் பார்த்தால் சில ஓம்கள் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

இந்த பிஎம்டபிள்யூவில் இன்னொரு பொறி இருக்கிறது. ரோட்டருக்கு முதல் மின்சாரம் போவது மீட்டரில் உள்ள சார்ஜ் விளக்கின் வழியாகத்தான். அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது. சாவி போட்டதும் விளக்கு எரியவில்லை என்றால் வேறெதையும் தொடுவதற்கு முன் பல்பை மாற்றிப் பார்ப்பதுதான் முறை.

சின்ன வண்டிகளின் இரட்டைப் பாதை

1980களிலும் 90களிலும் நம் சாலைகளை நிறைத்த 100 சிசி வண்டிகள் பலவற்றில் மின்சாரம் இரண்டு பாதையில் போகும். ஹெட்லைட்டுக்கு மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏசி. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்குப் பேட்டரி. சின்ன ஆர்ஆர் யூனிட் அலையின் ஒரு பாதியைப் பேட்டரிக்குக் கொடுக்கும். மறு பாதியில் விளக்குக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும்.

கோளாறின் மொழியும் இங்கே வேறு. பேட்டரியே செத்தாலும் வண்டி ஓடும், ஹெட்லைட் எரியும். அதனால் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. ஹெட்லைட் பல்பு வாரத்துக்கு ஒன்று போனால் பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை. யூனிட்டின் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும். அதே எர்த்தை நம்பித்தான் கட்டுப்பாடு முழுவதும் நடக்கிறது. ஐடிலில் விளக்கு மங்குவது இந்த வண்டிகளில் நோயல்ல, இயல்பு. பேட்டரியில் எரியும் விளக்கு ஐடிலில் வெகுவாக மங்கினால்தான் விசாரிக்க வேண்டும். ஏசி பாதையில் அலை வெட்டப்பட்டு வருவதால் மலிவான மல்டிமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. இரண்டு வேகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன்படும்.

எல்லா வண்டிக்கும் பொதுவான வரிசை

அமைப்பு எதுவானாலும் தேடும் வரிசை ஒன்றுதான். சோதனைகளில் பல ஒன்றின் மேல் ஒன்று நிற்பவை. வரிசை மாறினால் முடிவும் பொய்யாகும்.

முதலில் பேட்டரி. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். சில மணி நேரம் சும்மா விட்டு அளக்க வேண்டும். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் 12.6க்கு மேல் நிறைந்தது, 12.2 ஏறக்குறையப் பாதி, 12.0 இருந்தால் பெரும்பகுதி காலி. நிறைய சார்ஜ் செய்தும் 10.5 பக்கம் நின்றால் ஆறில் ஒரு செல் ஷார்ட். 6 வோல்ட் பேட்டரிக்கு முதல் மூன்று எண்களில் பாதி. திறந்து தண்ணீர் ஊற்றும் வகையானால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையான சாட்சி: நிறைந்த செல்லில் 1.265 முதல் 1.280 வரை காட்டும். ஒரு செல் மட்டும் வெகுவாகக் குறைந்தால் அந்த பேட்டரி தேறாது. வோல்ட் இருந்தும் வலு இல்லாத பேட்டரியைச் சுமைதான் காட்டிக்கொடுக்கும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகம் உறுதி. நல்ல, நிறைந்த பேட்டரி இல்லாமல் அடுத்த எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை.

இரண்டாவது சார்ஜிங் வோல்ட். எஞ்சினை ஓட்டி, பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைக்க வேண்டும். 12 வோல்ட் வண்டியில் நடுத்தர வேகத்தில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் அமைப்பு நலம். பிரச்சினை பேட்டரியிலோ செலவிலோ இருக்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அல்லது அதன் எர்த். 13க்குக் கீழேயே நின்றால் மின்சாரம் வந்து சேரவில்லை.

மூன்றாவதாக வரும் சோதனையைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிறார்கள்: வழியில் வீணாகும் வோல்ட். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையை ஆர்ஆர் யூனிட்டின் பிளஸ் ஒயரிலும் மறு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வைக்க வேண்டும். பிறகு யூனிட்டின் பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. நல்ல ஒயரிங்கில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். அரை வோல்ட் காட்டினால் நடுவே எங்கோ துரு, தளர்வு, கருகிய ஃபியூஸ் ஹோல்டர். 5 ஆம்பியரில் அரை வோல்ட் என்பது வெறும் பத்தில் ஒரு ஓம். இவ்வளவு சின்ன எதிர்ப்பை சாதாரண ஓம்மீட்டர் பிடிக்காது. ஓடும் மின்சாரமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றுபட்ட வண்டிகளிலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் ஓடிய சென்னை வண்டிகளிலும் கோளாறு இந்தக் கட்டத்திலேயே பிடிபட்டுவிட வாய்ப்பு அதிகம்.

நான்காவது ஸ்டேட்டர். கப்ளரைக் கழற்றி மூன்று அளவுகள். ஒயருக்கு ஒயர் ஓம்: பெரும்பாலும் ஒரு ஓமுக்குள், மூன்று ஜோடியும் ஒரே அளவு. ஒவ்வொரு ஒயருக்கும் பாடிக்கும்: தொடர்பே இருக்கக் கூடாது. ஓடும்போது ஏசி வோல்ட்: மூன்று ஜோடியும் சமமாக ஏற வேண்டும், மூன்று ஃபேஸ் வண்டிகள் பலவற்றில் 5000 ஆர்பிஎம்மில் 50 வோல்ட்டைத் தாண்டும். மூன்றில் கடைசிக்கே எடை அதிகம். உள்ளே சில சுற்றுகள் ஷார்ட் ஆனாலும் ஓம் கணக்கு ஏறக்குறைய மாறாது. மீட்டரின் ஒயருக்கே அதற்குச் சமமான எதிர்ப்பு இருக்கும். ஏசி வோல்ட்டில் அந்த ஜோடி மட்டும் பின்தங்கும். ஆறிய எஞ்சினில் தேறிய ஸ்டேட்டர் அரை மணி ஓட்டத்துக்குப் பின் தோற்பதும் உண்டு. சூடாக இருக்கும்போது அளக்காத சோதனை பாதிச் சோதனைதான்.

இங்கே குறை தெரியவில்லை என்றால்தான் ஆர்ஆர் யூனிட். டயோடு சோதனையில் ஒரு திசையில் அரை வோல்ட் அளவில் காட்ட வேண்டும், மறு திசையில் எதுவும் காட்டக் கூடாது. ரெகுலேட்டர் பகுதியை மல்டிமீட்டரால் முழுவதும் சோதிக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் கழித்த பின்பு எஞ்சி நிற்பதாலேயே அது குற்றவாளி ஆகிறது. அதனால்தான் அது வரிசையில் கடைசி. பட்டறை வழக்கத்திலோ அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள்.

நின்ற வண்டியில் பேட்டரி இறங்கினால் தனிச் சோதனை வேண்டும். சாவியை அணைத்து, பேட்டரி ஒயர் ஒன்றைக் கழற்றி நடுவே ஆம்மீட்டரை வைத்தால் பழைய வண்டியில் ஏறக்குறைய எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாயிண்ட் வண்டிகளில் எளிய காரணம் ஒன்றும் உண்டு. சாவியை ஆனில் விட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் இக்னிஷன் காயில் சில ஆம்பியர்களைத் தின்றுகொண்டே இருக்கும். பேட்டரியும் போகும், காயிலும் சூடாகிக் கெடும்.

வரவல்ல, செலவு

சில வண்டிகளில் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. கணக்குத்தான் உதைக்கும். ஆர்எம்21 போன்ற ஆல்டர்னேட்டர் 5000 ஆர்பிஎம்மில் கொடுப்பது சுமார் 120 வாட். 60 வாட் ஹெட்லைட், டெயில் லைட், பார்க்கிங் விளக்குகள், இக்னிஷன் காயில் என்று கூட்டினாலே நூறைத் தாண்டும். நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது இதில் சிறு பங்குதான் உற்பத்தி. அப்போது பிரேக் பெடலை மிதித்தபடி இருந்தால் 21 வாட் கூடுதல். பெரிய ஹாரனும் 100 வாட் பல்பும் சேர்த்துவிட்டுக் காயிலை மாற்றுவதில் பயனில்லை. நெடுஞ்சாலையில் நிறைந்து நகரத்தில் இறங்கும் பேட்டரி பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது.

வழக்கங்களும் மாற்றங்களும்

பட்டறை வழக்கங்கள் சிலவற்றை எடைபோட்டே ஆகவேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா பார்ப்பது டைனமோக் காலத்தில் பிறந்த பழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அந்தக் கணமே வோல்ட் எகிறி ரெகுலேட்டரையும் பல்புகளையும் கொண்டுபோகும். ஸ்டேட்டர் ஒயரைப் பாடியில் தட்டித் தீப்பொறி பார்ப்பது மின்சாரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், போதுமா என்று சொல்லாது. ஃபியூஸ் இடத்தில் கம்பி சுற்றுவது சின்னக் கோளாறைத் தீயாக்கும். வற்றிய பேட்டரியில் ஆசிட் ஊற்றினால் பிளேட் அரிக்கும். வற்றியது தண்ணீர், ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர்.

மறுபக்கம், பழைய ஆம்மீட்டரை இகழ்வதும் சரியல்ல. புல்லட்டின் ஹெட்லைட் மேல் இருக்கும் அந்தச் சின்ன முள் துல்லியமானதல்ல. ஆனால் ஓட்டத்திலேயே வரவு செலவைக் காட்டும் கருவி வேறில்லை. எந்த வேகத்தில், எந்த விளக்கு போட்டபோது முள் சாய்ந்தது என்று சொல்லத் தெரிந்த வண்டிக்காரர் மெக்கானிக்கின் வேலையைப் பெரிதும் குறைத்துவிடுகிறார்.

மாற்றுப் பாகங்களைப் பற்றிய விவாதமும் முடியவில்லை. டைனமோப் பெட்டிக்குள் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை ஒளித்து வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. வெளித்தோற்றம் மாறாது, பாயிண்ட் தொல்லை போகும். ஷன்ட் யூனிட்டுக்குப் பதில் மாஸ்ஃபெட் வகை போட்டால் யூனிட் குறைவாகச் சூடாகும், ஆனால் ஸ்டேட்டரின் சுமை குறையாது. அதைக் குறைப்பது சீரிஸ் வகைதான். அது ஷார்ட் செய்யாமல் தொடர்பைத் துண்டிக்கிறது. 6 வோல்ட்டை 12 ஆக்குவது விளக்குக்கு நல்லது. பல்பு, ஹாரன், காயில் எல்லாம் மாற வேண்டும். எல்இடி பல்பு செலவைக் குறைக்கும் எளிய வழி, ஆனால் ஏசி பாதையில் மாட்டினால் நிலைக்காது. காயில் கட்டுவது நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கும் கைத்தொழில். வெப்பம் தாங்கும் வார்னிஷும் சரியான சுற்று எண்ணிக்கையும் இருந்தால் புதுக் காயிலுக்குக் குறைந்ததல்ல. ஆனால் மேலே சொன்ன வரிசையை முடிக்காமல் செய்யும் எந்த மாற்றமும் நோயை வேறு பாகத்துக்கு இடம் மாற்றுவதுதான்.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். பழைய வண்டிகளின் சார்ஜிங் கோளாறு புதிராக இருப்பதற்குக் காரணம் அதன் சிக்கல் அல்ல. ஒரு தலைமுறையின் அறிவை இன்னொரு தலைமுறை வண்டியின் மேல் போட்டுப் பார்ப்பதுதான். மிச்சத்தை எங்கே அனுப்புகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த இடத்தைச் சந்தேகிப்பது என்று தெரியும். வரிசையாக அளந்தால் சந்தேகம் சரியா என்று தெரியும். பட்டறைகளில் இந்த இரண்டாவது பகுதிக்குக் கூலி கிடைப்பதில்லை. வண்டிக்காரர் பாகத்துக்குப் பணம் தருகிறார், கண்டுபிடிப்புக்குத் தருவதில்லை. அதனால் பாகம் மாறுகிறது, கண்டுபிடிப்பு நடப்பதில்லை. அளந்து பார்த்த நேரத்துக்கும் கூலி கேட்கலாம், கொடுக்கலாம் என்ற வழக்கம் வந்தால் இரு தரப்புக்கும் மிச்சம்.

புதுப் பாகம் மாட்டிய பின்பும் அதே மீட்டரை எடுத்து அதே எண்களை மறுபடி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பாகங்கள் காரணமில்லாமல் சாவதில்லை. ஸ்டேட்டரைக் கொன்றது கருகிய கப்ளராக இருக்கலாம், ரெகுலேட்டரைக் கொன்றது கெட்ட எர்த்தாக இருக்கலாம், பேட்டரியைக் கொன்றது ரெகுலேட்டராக இருக்கலாம். அந்தக் காரணம் இன்னும் வண்டியிலேயே இருந்தால் புதுப் பாகமும் பழையதன் வழியே போகும்.